தொழிற்சாலை 1911 பிஸ்டலை வீட்டு மேசையில் சீராக்குவது

புதிதாக 1911 பிஸ்டல் வாங்கியவர் பெரும்பாலும் முதலில் கை வைப்பது டிரிக்கரில்தான். கடையில் இழுத்துப் பார்த்தபோது கனமாக, கரகரவென்று இருந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் அதை மெருகேற்றத் தோன்றும். அந்த வரிசையை அப்படியே தலைகீழாக்குங்கள். ஐந்து அங்குலக் குழல், .45 ஏசிபி தோட்டா என்ற அளவில் வரும் சாதாரணத் தொழிற்சாலை 1911 தடுமாறினால், காரணம் அநேகமாக மேகசினிலோ, காலிக்கூட்டைப் பிடித்து இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரிலோ, ஸ்பிரிங்கிலோ இருக்கும். இந்த மூன்றையும் பெரும்பாலும் அரம் எடுக்காமலே சரிசெய்துவிடலாம். டிரிக்கர் கடைசி. அதிலும் சுடும் சுத்தியான ஹேமரின் கொக்கியும், அதைப் பிடித்து நிறுத்தும் சியரும் வீட்டு மேசையில் தொடக்கூடியவையே அல்ல.

ஜான் பிரவுனிங் வடிவமைத்த இந்தப் பிஸ்டல் 1911 மார்ச் மாதச் சோதனையில் 6000 தோட்டாக்களை ஒரு தடங்கலும் இல்லாமல் சுட்டுக் காட்டியது. அதன் பிறகே, மார்ச் 29 அன்று, அமெரிக்க ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. ஆகவே இன்று கையில் இருக்கும் பிஸ்டல் ஐம்பது தோட்டாவுக்குள் நான்கு முறை சிக்கினால், குறையை வடிவமைப்பில் தேட வேண்டாம். பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தும் விதத்தில் தேடுங்கள்.

கீழே சொல்வதெல்லாம் அமெரிக்காவில் சட்டப்படி தன் பெயரில் பிஸ்டல் வைத்திருப்பவர், தன் சொந்தப் பிஸ்டலில் செய்யும் வேலை. அங்கே கூட்டாட்சிச் சட்டம் இதற்குத் தனி உரிமம் கேட்பதில்லை. பணம் வாங்கிக்கொண்டு பிறர் துப்பாக்கியைத் தொழிலாகப் பழுதுபார்ப்பதற்கு உரிமம் வேண்டும். மாநிலச் சட்டங்கள் மாறுபடும் என்பதால் அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் நிலைமை வேறு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, பழுதுபார்ப்பதையே உரிமத்துக்கு உட்பட்ட வேலையாக வைத்திருக்கிறது. இங்கே உரிமம் பெற்ற பட்டறையில்தான் கொடுக்க வேண்டும்.

மேசையில் உட்காரும் முன்

மேகசினைக் கழற்றுங்கள். ஸ்லைடை, அதாவது பிஸ்டலின் நகரும் மேல்பாகத்தை, பின்னுக்கு இழுத்துப் பூட்டுங்கள். சேம்பரை, அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்தை, கண்ணால் பார்த்து, விரல் நுனியை விட்டும் தடவிப் பாருங்கள். உண்மைத் தோட்டா ஒன்றுகூட நீங்கள் வேலை செய்யும் அறையில் இருக்கக் கூடாது. சோதனைக்கு வேண்டியவை டம்மி தோட்டாக்கள் மட்டுமே. மருந்தும் அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாமல், உண்மைத் தோட்டாவின் அதே அளவில், பித்தளைக் கூட்டோடு இருப்பவையாக வாங்குங்கள். பிளாஸ்டிக்கில் வருபவற்றின் விளிம்பு சீக்கிரம் தேய்ந்துவிடும். அதை வைத்து எக்ஸ்ட்ராக்டரைச் சோதித்தால் முடிவு தவறாக வரும்.

கருவிகள் அதிகம் வேண்டாம். 1/16, 3/32, 5/32 அங்குலப் பன்ச்சுகள், நைலான் தலைச் சுத்தியல், குழல் முனை வளையமான புஷிங்கைத் திருப்பும் சாவி, வெர்னியர், 600 நம்பர் எமரி தாள், கறுப்பு மார்க்கர் பேனா, நீல நிறத் திருகுப் பசை இருந்தால் போதும். கண்ணாடி கட்டாயம். ஸ்லைடை முன்னே தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கின் முனையில் உள்ள மூடி விரலிலிருந்து நழுவினால் நேராக முகத்துக்குத்தான் வரும். சுழலும் மின்கருவியை மேசையிலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். வீட்டில் கெட்டுப்போன 1911களில் பல அந்தக் கருவியால்தான் கெட்டன.

திரும்பப் பூட்டும்போது ஸ்லைடைப் பின்னே பூட்டும் ஸ்லைடு ஸ்டாப்பை நேராக அழுத்தித் தள்ளினால் அது பிஸ்டலின் கீழுடலான பிரேமின் இடப்பக்கத்தில் வில் போல ஒரு கீறல் போடும். 1911 வைத்திருப்பவர்களிடையே அந்தக் கீறலுக்குத் தனிப் பெயரே உண்டு. பிரேமின் அந்த இடத்தில் காகித டேப் ஒட்டிவிட்டு, ஸ்டாப்பைக் கீழிருந்து சாய்வாகக் கொண்டுவந்து, ஸ்பிரிங் தள்ளும் சின்ன ஊசியான பிளஞ்சரை மெல்லிய திருப்புளி முனையால் உள்ளே தள்ளிக்கொண்டே அழுத்துங்கள்.

முதலில் நூறு தோட்டா

எதையும் மாற்றுவதற்கு முன் பிஸ்டலைக் கழற்றி, தொழிற்சாலை பூசிய காப்பு மசகை முழுதாகத் துடைத்தெடுங்கள். ஸ்லைடு தண்டவாளங்கள், குழலின் மேல் பற்கள், புஷிங்குக்குள் போய்வரும் குழல் முனை, ஸ்லைடு முழுதாக மூடாதபோது டிரிக்கரைத் துண்டிக்கும் டிஸ்கனெக்டரின் தலை ஆகிய இடங்களில் எண்ணெய் விட்டு, சுடுதளத்தில் நூறு தோட்டா சுடுங்கள். 230 கிரெய்ன் எடையுள்ள, உருண்டை மூக்குச் செம்புறைத் தோட்டாதான் இந்தப் பிஸ்டல் பிறந்த தோட்டா. அதில் ஓடாதது வேறெதிலும் ஓடாது.

மேகசின்களுக்கு 1, 2, 3 என்று எண் எழுதுங்கள். ஒவ்வொரு சிக்கலும் எந்த மேகசினில், எத்தனையாவது தோட்டாவில், எந்தக் கோலத்தில் நின்றது என்று நோட்டில் குறியுங்கள். சிக்கியதும் அவசரமாக ஸ்லைடை இழுத்துவிடாதீர்கள். குழலை இலக்குப் பக்கமே வைத்து, விரலை டிரிக்கரிலிருந்து எடுத்துவிட்டு, ஒரு நிமிடம் நிதானமாகப் பாருங்கள். அந்தக் கோலம்தான் நோயைச் சொல்லும்.

தோட்டாவின் மூக்கு பிரேமிலிருந்து சேம்பருக்கு ஏறும் சரிவில் கீழே குத்திக்கொண்டு நின்றால் மேகசின் ஸ்பிரிங் சோர்ந்திருக்கிறது, அல்லது மேகசின் உதடுகள் விரிந்திருக்கின்றன. ஸ்லைடு தோட்டாவின் பின்புறத்தைத் தவறவிட்டு அதன் முதுகில் ஏறி நின்றாலும் அதே ஸ்பிரிங்தான். ஸ்லைடு முன்னே வரும் வேகத்துக்குத் தோட்டா மேலே எழவில்லை. தோட்டா பாதிவரை சேம்பருக்குள் போய், சாய்ந்தபடி மூன்று இடங்களில் முட்டிக்கொண்டு நின்றால் எக்ஸ்ட்ராக்டர் இறுக்கமாக இருக்கக்கூடும். கிட்டத்தட்ட முழுதும் மூடி, கடைசி கால் அங்குலத்தில் நின்று, கட்டைவிரலால் தள்ளினால் மூடிக்கொண்டால் மீண்டும் எக்ஸ்ட்ராக்டரைச் சந்தேகியுங்கள். அதற்கு முன் சேம்பர் சுத்தமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். காலிக்கூடு வெளியேறாமல் ஸ்லைடின் வாயில் புகைபோக்கி போல நட்டுக்கொண்டு நின்றால் எக்ஸ்ட்ராக்டரின் பிடி தளர்ந்திருக்கும். கூடுகள் ஒருமுறை வலப்பக்கம், ஒருமுறை நெற்றிக்கு என்று தாறுமாறாகப் பறந்தாலும் அதே இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்று மேகசினில் ஒன்று மட்டுமே தொல்லை தந்தால் பிஸ்டலைத் தொடவே வேண்டாம். அந்த மேகசினை ஒதுக்கிவிடுங்கள். மேகசின் தேயும் பொருள். அதைத் தட்டி நெளித்துக் காப்பாற்றுவதில் லாபமில்லை. ஸ்பிரிங் மட்டும் சோர்ந்திருந்தால் கூடுதல் பலமுள்ள புது ஸ்பிரிங் போட்டுப் பாருங்கள். எட்டுத் தோட்டா மேகசின் பலவற்றில், எட்டாவதற்கு இடம் தரும் பொருட்டு உள்ளே இருக்கும் பாகங்களைக் குறுக்கியிருப்பார்கள். பிஸ்டல் முதலில் ஏழில் நன்றாக ஓடட்டும்.

எக்ஸ்ட்ராக்டர்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வேலையை மட்டும் செய்வதானால் இதைச் செய்யுங்கள். பிற்காலப் பிஸ்டல்கள் பலவற்றில் எக்ஸ்ட்ராக்டர் ஒரு குறுக்கு ஊசியில் மாட்டி, தனி ஸ்பிரிங்கால் அழுத்தப்பட்டிருக்கும். 1911இல் அப்படியில்லை. நீளமான ஒற்றை எஃகுக் கம்பி, அதன் முனையில் ஒரு கொக்கி. அந்தக் கம்பியின் லேசான வளைவுதான் அதற்கு ஸ்பிரிங். தொழிற்சாலையில் இந்த வளைவைச் சரிபார்க்க ஆள் நேரம் செலவாகும். விலை குறைந்த பிஸ்டல்களில் அந்த நேரம் கிடைக்காமல் போய்விடுகிறது.

சோதனை எளிது. ஸ்லைடைக் கழற்றிக் குழலை வெளியே எடுத்துவிடுங்கள். டம்மி தோட்டா ஒன்றை ஸ்லைடின் முகப்பில் கீழிருந்து மேலாக, மேகசினிலிருந்து வருவது போலவே, கொக்கியின் அடியில் ஏற்றுங்கள். கட்டைவிரலுக்கு ஓர் எதிர்ப்பு தெரிய வேண்டும். ஆனால் மல்லுக்கட்டத் தேவைப்படக் கூடாது. இப்போது ஸ்லைடைக் கிடைமட்டமாகப் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். தோட்டா விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் பிடி சரி. தானாக நழுவினால் தளர்வு. விரல் நுனி வெளுக்கும் அளவுக்கு அழுத்தித்தான் ஏறுகிறது என்றால் இறுக்கம். இழுவையை அளக்கும் கருவி இருந்தால் 20 முதல் 28 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 570 முதல் 790 கிராம் வரை இருப்பது நல்ல அளவு.

கழற்றுவதற்கு, ஸ்லைடின் பின்புறத்தில் தெரியும் பிரைமரைக் குத்தும் ஊசியான பயரிங் பின்னின் வாலைப் பன்ச்சால் உள்ளே அழுத்திக்கொண்டு, அதைப் பிடித்திருக்கும் சதுரத் தகட்டைக் கீழே நகர்த்துங்கள். தகடு பாதி இறங்கியதும் பன்ச்சை எடுத்துவிட்டு, ஓட்டையின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு மீதியை இறக்குங்கள். விரல் இல்லாவிட்டால் பயரிங் பின்னும் அதன் ஸ்பிரிங்கும் பறந்துவிடும். பிறகு எக்ஸ்ட்ராக்டரைப் பின்பக்கமாக உருவி எடுக்கலாம். கோல்ட் நிறுவனம் 1983இல் கொண்டுவந்த 80 வரிசைப் பிஸ்டல்களில் பயரிங் பின்னைத் தடுக்கும் ஒரு பிளஞ்சர் ஸ்லைடுக்குள் இருக்கும். அதைக் கீழிருந்து அழுத்திப் பிடிக்காமல் எதுவும் வெளியே வராது. வரவில்லையே என்று தட்டாதீர்கள்.

வளைக்கும் முன், கொக்கி எங்கே தொடுகிறது என்று பார்க்க வேண்டும். கொக்கியின் உள்பக்கம் முழுவதும் மார்க்கரால் கறுப்பாக்கி, திரும்ப மாட்டி, டம்மி தோட்டாவைப் பத்து முறை ஏற்றி இறக்குங்கள். கழற்றிப் பாருங்கள். கொக்கிக்குப் பின்னால் உள்ள தட்டையான திண்டில் மை அழிந்திருக்க வேண்டும். அதுதான் தோட்டா விளிம்பை அழுத்தும் இடம். கொக்கியின் நுனியில் அழிந்திருந்தால், நுனி தோட்டாவின் பள்ளத்து அடியை முட்டுகிறது என்று பொருள். அப்படிப்பட்ட எக்ஸ்ட்ராக்டர் எவ்வளவு வளைத்தாலும் சரியாக ஓடாது. நுனியை எமரி தாளால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, மறுபடி மை பூசிப் பார்க்க வேண்டும். கொக்கியின் கீழ் மூலையும் முக்கியம். தோட்டா ஏறிவரும் வாசல் அது. அங்கே கூரான விளிம்பு இருந்தால், ஒரு குச்சியில் சுற்றிய 600 நம்பர் தாளால் உருண்டையாக்குங்கள். கூட்டைப் பிடித்து இழுக்கும் முகத்தை மட்டும் தொடாதீர்கள். அது கூராகவே இருக்கட்டும்.

வளைப்பதற்குத் தனிக் கருவி தேவையில்லை. எக்ஸ்ட்ராக்டரின் கொக்கிப் பக்கத்தை ஸ்லைடின் பின்புறத் துளைக்குள், வழக்கமாக மாட்டும் திசையிலேயே, மூன்றில் ஒரு பங்கு நுழையுங்கள். வெளியே நீண்டிருக்கும் வாலைக் கட்டைவிரலால் தள்ளுங்கள். கொக்கி எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமே தள்ளினால் பிடி கூடும். எதிர்ப்பக்கம் தள்ளினால் குறையும். எஃகு கொஞ்சம் வளைந்து திரும்பிவிடும். அதன் எல்லையைச் சற்றே தாண்டினால்தான் வளைவு நிற்கும். ஒவ்வொரு தள்ளலுக்குப் பிறகும் மாட்டிச் சோதியுங்கள். மூன்று நான்கு முறையில் சரியாகிவிட வேண்டும். இருபது முறை முன்னும் பின்னும் வளைத்த கம்பி சோர்ந்துவிடும். வார்ப்புமுறையில் செய்த மலிவுப் பாகமானால் முறியவும் செய்யும். அதற்குப் பதில் உருட்டிய எஃகில் கடைந்த நல்ல எக்ஸ்ட்ராக்டர் ஒன்றை வாங்கிப் பொருத்துவது மேல்.

இதெல்லாம் சரியாக இருந்தும் கூடுகள் தாறுமாறாகப் பறந்தால், பின்னால் உள்ள சதுரத் தகட்டைப் பாருங்கள். அது தளர்வாக இருந்தால் எக்ஸ்ட்ராக்டர் துளைக்குள் சுழலும். ஒவ்வொரு சூட்டுக்கும் கொக்கி வேறு கோணத்தில் நிற்கும். ஸ்லைடின் பின்புறத்தை நேராகப் பார்த்து, எக்ஸ்ட்ராக்டரின் வாலைத் திருப்புளி முனையால் திருகிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி ஆடினால் சற்றுப் பெரிதாகச் செய்யப்பட்ட தகடு ஒன்றை வாங்கி, அதன் இரு பக்கங்களையும் சமமாகத் தேய்த்து, விரலால் அழுத்தினால் மட்டுமே நுழையும்படி பொருத்த வேண்டும்.

ஒரு பழக்கத்தையும் விட வேண்டும். சேம்பருக்குள் கையால் ஒரு தோட்டாவைப் போட்டு, அதன் மேல் ஸ்லைடை விடாதீர்கள். இந்தக் கொக்கி தோட்டா அடியிலிருந்து ஏறிவருவதற்காகச் செய்யப்பட்டது. விளிம்பைத் தாண்டிக் குதிக்க வைத்தால், பாடுபட்டு வைத்த வளைவு போய்விடும். முதல் தோட்டாவும் மேகசினிலிருந்தே ஏறட்டும்.

ஸ்பிரிங்குகள்

ஐந்து அங்குல .45க்கு ரீகாயில் ஸ்பிரிங் 16 பவுண்டு. குழல் 4.25 அங்குலமாகக் குறையும் கமாண்டர் வகைக்கு 18 பவுண்டு. பலர் பின்னுதைப்பைக் குறைக்கிறேன் என்று 20, 22 பவுண்டு போடுகிறார்கள். ஸ்லைடு பின்னே போவது மெதுவாகும்தான். ஆனால் முன்னே வரும்போது மேகசின் ஈடுகொடுக்க முடியாத வேகத்தில் வரும். கூடுகள் நான்கைந்து அடி தள்ளி ஒரே இடத்தைச் சுற்றி விழுந்தால் ஸ்பிரிங் சரி. காலடியிலேயே சொட்டினால் கனம் அதிகம். பத்தடி தாண்டிப் பறந்தால் சோர்ந்துவிட்டது. 2000 முதல் 3000 தோட்டாவுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். விலை மிகக் குறைவு.

அப்போதே பயரிங் பின் ஸ்பிரிங்கையும் மாற்றுங்கள். 70 வரிசை முறையில் செய்த பிஸ்டல்களில் பயரிங் பின்னைத் தடுக்க வேறு பூட்டு கிடையாது. குழல் கீழாகப் பிஸ்டல் விழுந்தால், பயரிங் பின் தன் எடையாலேயே முன்னே பாய்ந்து பிரைமரைக் குத்தாமல் இழுத்துப் பிடிப்பது அந்தச் சின்ன ஸ்பிரிங் மட்டுமே. அதைச் சிக்கனம் பார்த்து விட்டுவைக்கக் கூடாது.

ஹேமரை இயக்கும் மெயின் ஸ்பிரிங்கின் வழக்கமான அளவு 23 பவுண்டு. 19 பவுண்டு போட்டால் டிரிக்கர் இழுவை ஓரளவு குறையும், ஸ்லைடை இழுப்பதும் எளிதாகும். கல்லோ அரமோ தொடாமல் டிரிக்கரை மேம்படுத்தும் வழி இது. ஆனால் கடினமான பிரைமர் உள்ள தோட்டாக்களில் அடி போதாமல் போகலாம். நீங்கள் சுடும் தோட்டாவிலேயே இருநூறு சுட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பிடியின் பின்புறத் துண்டுக்குள் இருக்கும் இந்த ஸ்பிரிங்கை எடுக்கும்போது அதை வைஸில் பிடித்து, மூடியை அழுத்திக்கொண்டு, மேலே துணி போர்த்திவிட்டு, சின்னக் குறுக்கு ஊசியைத் தட்டுங்கள்.

பிடிக்குள் இருக்கும், மூன்று விரல் கொண்ட தட்டை ஸ்பிரிங்கில், பின்னாலிருந்து பார்த்தால் இடது விரல் சியரை அழுத்துகிறது, நடுவிரல் டிஸ்கனெக்டரையும் டிரிக்கரையும், வலது விரல், பிடியின் பின்புறத்தில் உள்ளங்கை அழுத்தும் பூட்டான கிரிப் சேஃப்டியை. இடது விரலைத் தளர்த்தினால் டிரிக்கர் லேசாவது உண்மை. கூடவே, ஸ்லைடு மூடும் அதிர்ச்சியில் சியர் துள்ளி ஹேமர் பின்தொடர்ந்து விழவும் வழி திறக்கும். அதைத் தொடாதீர்கள். பழையதென்றால் புதிது போடுங்கள், அவ்வளவுதான்.

சரிவை விட்டுவிடுங்கள்

தோட்டா சிக்குகிறது என்றதும் பிரேமிலுள்ள சரிவைப் பளபளக்கத் தேய்க்கச் சொல்பவர்கள் நிறைய. அந்தச் சரிவின் கோணம் 31.5 பாகை. சுழலும் கருவி பிடித்த கை அதைக் கெடுக்காமல் தேய்ப்பது அரிது. முதலில் அளந்து பாருங்கள். குழலைப் பிரேமில் வைத்து, கீழாகவும் பின்னாகவும் அழுத்துங்கள். பிரேம் சரிவின் மேல் விளிம்புக்கும் குழல் வாயின் கீழ் விளிம்புக்கும் நடுவே 1/32 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். குழல் விளிம்பு சரிவுக்கு வெளியே துருத்தினால் தோட்டாவின் மூக்கு அதில் தடுக்கும். அது பட்டறைக்குப் போக வேண்டிய வேலை. இடைவெளி சரியாக இருந்தால் சரிவில் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. குழலின் வாயை ஆழமாகத் தோண்டினால் ஆபத்தும் உண்டு. தோட்டாக் கூட்டின் அடிப்பகுதிக்குத் தாங்கல் போய், சுடும்போது கூடு அங்கே வெடிக்கக்கூடும்.

குழல் ஆடுகிறது என்று குழலைப் பிரேமோடு இணைக்கும் கண்ணியை அளவு கூடினதாகப் போடுவதும் இதே ரகம். வழக்கமான கண்ணியின் இரு துளை மையங்களுக்கு இடையே 0.278 அங்குலம். நீளமானதைப் போட்டால் கையில் இறுக்கமாகத் தெரியும். ஆனால் குழல் தன் கீழ்ப் பற்களில் உட்காராமல் அந்தக் கண்ணியின் மேல் நிற்கத் தொடங்கும்.

கவனிக்கப்படாத ஒரு குழாய்

பிரேமின் இடப்பக்கம், பிடித்தகட்டுக்கு மேலே, மெல்லிய குழாய் ஒன்று இருக்கும். அதற்குள் ஒரு ஸ்பிரிங்கும் இரண்டு பிளஞ்சரும். ஒரு முனை ஸ்லைடு ஸ்டாப்பை அழுத்தும், மறுமுனை, கட்டைவிரலால் போடும் பூட்டான தம்ப் சேஃப்டியை. அந்தக் குழாய் பிரேமில் அறையப்பட்டிருக்கிறது. அந்தப் பிடிப்பு தளர்ந்து குழாய் அரை மில்லிமீட்டர் வெளியே வந்தாலும், சேஃப்டி அதற்கடியில் மாட்டிக்கொண்டு கீழே இறங்காமல் போகலாம். கட்டைவிரல் நகத்தால் குழாயை அசைத்துப் பாருங்கள். அசைந்தால் அந்தப் பிஸ்டலைச் சுடாமல் வைத்து, குழாயை அறையும் தனிக் கருவி உள்ள பட்டறையில் கொடுங்கள். பசையில் ஒட்டுவது தீர்வாகாது.

கைக்குப் பொருத்துவது

1920களில் வந்த 1911ஏ1 மாற்றத்தில் டிரிக்கரைக் குட்டையாக்கி, பிடியின் பின்துண்டை வளைவாக்கினார்கள். உங்கள் பிஸ்டல் இயல்பாகத் தூக்கியபடி நின்று, குறி மேலே போனால் தட்டையான பின்துண்டைப் போட்டுப் பாருங்கள். விரல் நீளமானவர்களுக்கு நீள டிரிக்கர் நன்றாகப் பொருந்தும். பின்துண்டு நேராக மாட்டிக்கொள்ளும். டிரிக்கருக்குச் சில சமயம் மேல் கீழ் விளிம்பில் கொஞ்சம் தேய்ப்பு தேவைப்படும். தம்ப் சேஃப்டியை மட்டும் வாங்கியதும் அப்படியே மாட்டலாம் என்று நம்பாதீர்கள். அது சியரைத் தடுக்கும் திண்டு ஒவ்வொரு பிஸ்டலுக்கும் தனியாகத் தேய்த்துப் பொருத்த வேண்டியது. அரத்தின் ஓர் இழுப்பு கூடினாலும் சேஃப்டி வெறும் அலங்காரமாகிவிடும்.

குறிப்பார்வை

குறி சரியில்லை என்றால் தேய்க்கும் முன் கணக்குப் போடுங்கள். முன் பார்வைக்கும் பின் பார்வைக்கும் இடையே 6.5 அங்குலம், இலக்கு 25 கஜம், அதாவது 900 அங்குலம், குண்டுகள் 4 அங்குலம் கீழே விழுகின்றன என்று வைத்துக்கொள்வோம். 4ஐ 6.5ஆல் பெருக்கி 900ஆல் வகுத்தால் 0.029 அங்குலம். முன் பார்வையின் உயரத்தில் அவ்வளவு குறைய வேண்டும். மேலே விழுந்தால் அரத்துக்கு வேலையில்லை, உயரமான முன் பார்வைதான் வேண்டும். தாங்கல் வைத்து, ஐந்து தோட்டா வீதம் மூன்று தொகுதி சுட்டு, அவற்றின் நடுவை அளந்த பிறகே கணக்கில் இறங்குங்கள். பாதியளவு தேய்த்ததும் நிறுத்தி ஒருமுறை சுட்டுப் பாருங்கள். தேய்த்ததை ஒட்ட முடியாது. பழைய பாணி ஸ்லைடுகளில் முன் பார்வை ஒரு சிறு முளையால் அறையப்பட்டிருக்கும். ஆடத் தொடங்கினால் அடுத்த சில சூடுகளில் பறந்துவிடும்.

டிரிக்கர்

இனி டிரிக்கருக்கு வரலாம். தட்டை ஸ்பிரிங்கை எடுத்துவிட்ட பிரேமை முன்னும் பின்னும் சாயுங்கள். டிரிக்கர் தன் எடையாலேயே நழுவி ஓட வேண்டும். ஓடாவிட்டால் மேகசினைச் சுற்றிப் போகும் அதன் கம்பி வளையத்தில் மார்க்கர் பூசி, எங்கே உரசுகிறது என்று கண்டுபிடித்து, அங்கே மட்டும் 600 நம்பர் தாளால் தேய்க்கலாம். மேகசினை மாட்டிய நிலையிலும் அதே சாய்ப்புச் சோதனையைச் செய்யுங்கள். கடையில் உணர்ந்த கரகரப்பில் பாதி இந்தப் பாதையில்தான் இருக்கும்.

டிரிக்கரின் முகத்தில் திருகு இருந்தால் அது மிகை ஓட்டத்தை நிறுத்துவதற்கு. டிரிக்கரை இழுத்தாலும் ஹேமர் விழாத நிலை வரும் வரை உள்ளே திருகி, விழும் இடத்துக்குத் திரும்பி, அதற்கு மேல் அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். பின் டிரிக்கரை இழுத்துப் பிடித்தபடி ஹேமரைக் கட்டைவிரலால் மெல்ல இறக்குங்கள். நடுவழியில் எங்காவது உரசல் தெரிந்தால் சியரின் முனை அரைப் பூட்டுப் பள்ளத்தில் இடிக்கிறது. இன்னும் தளர்த்துங்கள். இல்லாவிட்டால் சியர் முனை கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும். திருகு நிலைத்ததும் ஒரு ஊசி முனையளவு நீலப் பசை வையுங்கள்.

இதற்கு மேல் போக வேண்டாம். ஹேமர் கொக்கியின் உயரம் பொதுவாக 0.018 முதல் 0.020 அங்குலம், அரை மில்லிமீட்டர்தான். அந்த அரை மில்லிமீட்டர்தான் சேம்பரில் தோட்டா இருக்கும் பிஸ்டலைச் சுடாமல் வைத்திருக்கிறது. கையால் கல் பிடித்தால் கோணம் ஒரு பாகை தவறுவது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஹேமர் தானே சியரைத் தள்ளிக்கொண்டு வெளியேற அது போதும். ஒரு இழுப்பில் இரண்டு மூன்று குண்டு பாயும் பிஸ்டல் அப்படித்தான் உருவாகிறது. வேண்டுமென்றால் கோண அச்சும் உருப்பெருக்கியும் வைத்து வேலை செய்யும் துப்பாக்கிப் பட்டறைக்காரரிடம் (கன்ஸ்மித்) கொடுங்கள்.

மூடிய பின் சோதனை

எந்தச் சின்ன வேலை செய்தாலும், காலிப் பிஸ்டலில் இவ்வளவையும் பாருங்கள். ஹேமரை ஏற்றி, தம்ப் சேஃப்டியைப் போட்டு, பிடியை இறுக்கிக்கொண்டு டிரிக்கரைப் பலமாக இழுத்து விடுங்கள். டிரிக்கரைத் தொடாமல் சேஃப்டியை இறக்குங்கள். ஹேமர் விழக் கூடாது. இப்போது சேம்பர் காலி என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு, பிஸ்டலைக் காதருகே கொண்டுவந்து, ஹேமரைப் பின்னுக்கு மெல்ல இழுங்கள். சத்தமே வரக் கூடாது. மெல்லிய ஒரு 'டிக்' கேட்டால், சேஃப்டி போட்டிருந்தபோதே சியர் நகர்ந்திருக்கிறது, இப்போதுதான் தன் இடத்துக்குத் திரும்பியது. அந்தப் பிஸ்டலில் தோட்டா போடக் கூடாது.

அடுத்து, கிரிப் சேஃப்டியை அழுத்தாமல் பிடித்து டிரிக்கரை இழுங்கள். ஹேமர் அசையக் கூடாது. ஏற்றிய ஹேமரின் முதுகில் கட்டைவிரலால் முன்னே அழுத்துங்கள். நிற்க வேண்டும். ஸ்லைடைக் கால் அங்குலம் பின்னே இழுத்து, டிரிக்கரை இழுத்துப் பிடித்துக்கொண்டே ஸ்லைடை மெல்ல முன்னே விடுங்கள். ஹேமர் ஏறியே இருக்க வேண்டும். டிரிக்கரை விட்டு மறுபடி இழுத்தால் மட்டுமே விழ வேண்டும். காலிச் சேம்பரில் ஸ்லைடைப் படாரென்று விடும் சோதனை வேண்டாம். தோட்டாவை ஏற்றும் தடை இல்லாமல் ஸ்லைடு இடிக்கும்போது சியர் முனைதான் அடி வாங்கும்.

சுடுதளத்தில் முதல் மேகசினில் ஒரே ஒரு தோட்டா போடுங்கள். சுட்டதும் ஸ்லைடு பின்னே பூட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். இதை மூன்று முறை செய்யுங்கள். பிறகு இரண்டு தோட்டா, இரண்டே இரண்டு. எங்காவது தவறு இருந்து பிஸ்டல் தானாக அடுத்த குண்டைச் சுட்டாலும் அதோடு நின்றுவிடும். இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்து, குழலை மண்மேட்டின் அடிப்பாகத்துக்கு நேராக வைத்துச் சுடுங்கள். ஐந்து முறை இரண்டு இரண்டாகப் போட்டும் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரே குண்டு போனால், ஏழையும் நிரப்பலாம். அந்த நோட்டில், தேதியோடு, எந்த ஸ்பிரிங் எத்தனையாவது தோட்டாவில் மாறியது என்று எழுதிவிட்டு முதலில் சுட்ட அதே நூறையும் 1, 2, 3 மேகசின்களில் மறுபடி சுடுங்கள்.